14 வருஷம் ஆனாலும் அதே ஆயாதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை, வருகிறவர்களும் ஆறு மாதம்கூடத் தங்குவதில்லை என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். படித்தேன். இல்லம் நடத்துபவர் பேசியிருந்தார், டாக்டர் பேசியிருந்தார், அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்த மகன் பேசியிருந்தார். அந்த வேலையைச் செய்கிற ஒருவர்கூட அதில் பேசவில்லை. எனக்கு 58 வயது, 14 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முடிந்தால் முழுசாகப் போடுங்கள்.

ஆள் இல்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆள் இருக்கிறார்கள். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர், இன்றைக்கு வேலையில் இருப்பது நான் மட்டும். இரண்டு பேருக்கு முதுகு போய்விட்டது, ஒருத்திக்கு முழங்கால், ஒருத்தி வேறு வேலைக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி 55 ஆனதும் இனி ஷிஃப்ட் கிடையாது என்று சொல்லப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் இருக்கும் நாலு பேரும் கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த வேலையைச் செய்வார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்குப் புதிதாக ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒரு நைட் ட்யூட்டி. புதிதாக வந்த பெண்ணுக்கு 22 வயது இருக்கும், வேலைக்கு வந்து ஒன்பதாவது நாள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வலியில் முனக, இவள் பயந்து கையை விட்டுவிட்டாள். நான் பக்கத்து அறையிலிருந்து ஓடிப்போய், "இழுக்காதேம்மா, இந்தப் பக்கம் வா" என்று காட்டிக் கொடுத்தேன். நாம் நிற்கிற பக்கமாக அவரைத் திருப்ப வேண்டுமென்றால், முதலில் எதிர்ப்பக்கத்துக் கையை மடக்கி நெஞ்சின் மேல் வைக்க வேண்டும், அந்தப் பக்கத்து முழங்காலையும் மடக்கிவிட வேண்டும், அப்புறம் ஒரு கை அவர் தோளில், ஒரு கை இடுப்பில், "ஐயா, இப்ப திரும்பப் போறோம்" என்று காதருகே சொல்லிவிட்டு நம் பக்கமாக உருட்டினால் போதும். பாதி பாரத்தை அவருடைய முழங்காலே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

திருப்பி முடித்ததும் அவள் போர்வையை மூடப் போனாள். மூடாதே, குதிகாலைப் பார் என்றேன். சிவந்திருந்தால் விரலால் அழுத்த வேண்டும். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும், சுற்றியிருக்கிற தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேலையில் எனக்கு மூத்த ஓர் அக்கா. அவரையும் வயதாகிவிட்டது என்றுதான் அனுப்பினார்கள்.

அந்த ராத்திரிக்கு அந்தப் பெண் வாங்கிய சம்பளமும் நான் வாங்கிய சம்பளமும் ஒன்றுதான். அவளுக்கு அது அதிகம் என்று நான் சொல்லவே மாட்டேன், அவளுக்கே அது போதாது. ஆனால் 14 வருஷம் கழித்தும் தான் இதே இடத்தில்தான் நிற்கப்போகிறோம் என்பதை அவள் என்னைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள். பின் ஏன் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பாள்? கடையில் பில் போடப் போனால்கூட மூன்று வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகலாம். இங்கே முதல் நாளும் ஆயா, கடைசி நாளும் ஆயா.

இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 55 முடிந்த சமயம். மேலாளர் கூப்பிட்டு, "கனமான பேஷண்டை உங்களால் தூக்க முடியவில்லை என்று சொல்கிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து ஷிஃப்ட் கொடுப்பது கஷ்டம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், 80 கிலோ மனிதரைத் தூக்க யாரால் முடியும், இருபது வயதுப் பெண்ணாலும் முடியாதே?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. மூன்று மாடிக் கட்டடத்தில் நோயாளியைத் தூக்கும் கருவி ஒன்றுகூடக் கிடையாது. படுக்கையில் மேலே நகர்த்த ஒரு வழுக்குத் துணிகூடக் கிடையாது. எங்கள் முதுகுதான் அங்கே கருவி. அது தேய்ந்ததும் மாற்றிவிட்டார்கள்.

இதைப் பற்றி யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று என் மகளிடம் தேடித் தரச் சொன்னேன். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புக்கான அரசு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் என்பவர் 2007இல் எழுதியிருக்கிறார்: நோயாளியைக் கையால் தூக்குவதென்றால் எல்லாம் சரியாக இருக்கும் நிலையில்கூட 35 பவுண்டுக்கு மேல் ஒருவர் தூக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் கருவி வேண்டும். 35 பவுண்டு என்பது கிட்டத்தட்ட 16 கிலோ. நல்ல பருமனான ஒருவரின் ஒரு கால் மட்டுமே அந்த எடை இருக்கும்! அதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் அத்தனை வருஷமும் குறை என் உடம்பில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கருவி வாங்கினால் வயதான பணியாளருக்கு மட்டும் நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம், 22 வயதுப் பெண்ணின் முதுகும் அதனால்தான் தப்பிக்கும். தூக்கப்படுகிறவருக்கும் கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் போகும்.

மகள் இன்னொன்றும் காட்டினாள். இது பராமரிப்பு வேலையைப் பற்றியது இல்லை, கார் தொழிற்சாலையைப் பற்றியது. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில், பத்து வருஷத்தில் நம் ஆட்களின் சராசரி வயது 47 ஆகிவிடுமே என்று 2007இல் யோசித்து, அதே சராசரி வயது வருகிற மாதிரி ஒரு வரிசையில் ஆட்களை நிறுத்தி, எங்கே வலிக்கிறது, எது கஷ்டம் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். சிமெண்ட் தரைக்குப் பதிலாக மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, சின்னப் பொருளைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, இப்படி 70 சின்னச் சின்ன மாற்றங்கள். ஒரு வருஷத்தில் அந்த வரிசையின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியிருக்கிறது. இரும்போடு வேலை செய்கிறவர்களிடம் போய் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். 14 வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சரி, தூக்குவதை விடுங்கள். தூக்குவது மட்டும்தான் இந்த வேலை என்று நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மறதி நோய் வந்த ஒரு பாட்டி எங்களிடம் இருக்கிறார். சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய அவருக்குப் படபடப்பு வந்துவிடும், கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று, "வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடுவாங்க" என்பார். பிள்ளைகளுக்கே அறுபதை நெருங்குகிறது. புதிதாக வருகிறவர்கள், "பாட்டி, இதுதான் உங்க வீடு" என்று சொல்வார்கள், அவர் இன்னும் பயந்து கதவைத் தட்ட ஆரம்பிப்பார், அப்புறம் இரண்டு பேர் கையைப் பிடிக்க, அடிதடி மாதிரி ஆகிவிடும். நான் மறுத்துப் பேச மாட்டேன். "போகலாம்மா, பிள்ளைங்க பசியோடதான் வருவாங்க, அதுக்குள்ள இந்தத் துண்டையெல்லாம் மடிச்சு வச்சுடலாமா?" என்று ஒரு கூடைத் துண்டை மடியில் வைப்பேன். மடிப்பார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, அவ்வளவு ஒழுங்காக மடிப்பார். பத்தாவது துண்டு வரும்போது மூச்சு சீராகிவிடும். கூடை தீர்ந்தால் நான் உள்ளே போய்க் கலைத்து எடுத்துக்கொண்டு வருவேன்.

இதற்கு முதுகு வேண்டாம், முழங்கால் வேண்டாம். எனக்கு 65 ஆனாலும் இதைச் செய்வேன், இப்போது செய்வதைவிட நன்றாகவே செய்வேன். செய்வது மட்டுமில்லை, பத்துப் பேருக்குச் சொல்லியும் தருவேன். ஆனால் அப்படி ஒரு வேலையே எங்கள் இடத்தில் கிடையாது. மறதி நோய்ப் பராமரிப்பாளர் என்று ஒரு பதவி, புதியவர்களுக்குக் கைப்பிடித்துச் சொல்லித் தருகிறவர் என்று ஒரு பதவி, ஷிஃப்ட் பொறுப்பாளர், வீடுகளுக்குப் போய்க் குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுக்கிறவர், இப்படி நாலு படி இருந்தால் முதுகு போனவள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, ஒரு படி ஏறிக்கொள்ளலாம். அந்த 22 வயதுப் பெண்ணுக்கும் மேலே பார்க்க ஏதாவது இருக்கும். வயதானவர்களை வேலையில் வைத்துக்கொள்வது வேறு, இளையவர்களை இந்தத் துறைக்குக் கொண்டுவருவது வேறு என்று தனித்தனியாகப் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

நடக்காத காரியம் இல்லை இது. ஜப்பானில் பராமரிப்புப் பணியாளருக்கு 1987இலேயே சட்டம் போட்டு அரசுத் தகுதி ஒன்றை உண்டாக்கினார்கள். தொடக்கப் பயிற்சி 130 மணி நேரம். அதற்கு அடுத்த படி 450 மணி நேரப் பயிற்சி. மூன்று வருஷம் வேலை செய்துவிட்டு அரசுத் தேர்வு எழுதினால் தகுதி பெற்ற பராமரிப்பாளர். அதன்பின் ஐந்து வருஷம் அந்தப் பணியில் இருந்தால், ஒரு முதியவருக்கு என்னென்ன உதவி, எத்தனை நாள், யார் மூலம் என்று திட்டம் போட்டுத் தரும் மேலாளர் வேலைக்கான தேர்வு எழுதலாம். 2019 அக்டோபரில், 10 வருஷம் அனுபவம் உள்ள தகுதியாளர்களின் சம்பளத்தைக் கூட்டவே தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். இன்னொரு காரியமும் செய்தார்கள். மியே என்ற பகுதியில் 2015இல், உடம்பில் தெம்புள்ள முதியவர்களையே இல்லங்களில் உதவியாளராகச் சேர்த்தார்கள். படுக்கை விரிப்பது, சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்பது, பேச்சுத் துணையாக இருப்பது, தினம் சில மணி நேரம் மட்டும். பயிற்சி பெற்றவர் பயிற்சி தேவைப்படும் வேலையைப் பார்க்க முடிந்தது, ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது. பிறகு அது மற்ற பகுதிகளுக்கும் பரவியது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தில் நடந்தது. கிறிஸ்டின் பார்ட்லெட் என்று ஒரு பராமரிப்புப் பணியாளர். 20 வருஷத்துக்கும் மேல் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், என்னைப் போலத்தான், குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் சம்பளம் குறைந்தபட்சக் கூலியைவிடக் கொஞ்சம்தான் மேலே. பெண்கள் செய்கிற வேலை என்பதால்தானே இது இவ்வளவு மலிவாக இருக்கிறது, இதே அளவு திறமையும் பொறுப்பும் கேட்கிற ஆண்களின் வேலைக்கு இப்படியா கொடுக்கிறீர்கள் என்று, அங்கே 1972இல் வந்த சம ஊதியச் சட்டத்தை வைத்துத் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வழக்குப் போட்டார். 2013இலும் 2014இலும் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2017இல் அரசு சமரசத்துக்கு வந்தது: 55,000 பணியாளர்களுக்கு ஐந்து வருஷத்தில் 200 கோடி நியூசிலாந்து டாலர். அந்தத் தொகையைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதில் இருந்த படிகள்தான். சான்றிதழ் ஏற ஏறச் சம்பளம் ஏறும். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் அவர்கள் வேலை செய்த வருஷங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், 3 வருஷம் ஆனால் ஒரு படி, 8 ஆனால் அடுத்தது, 12 ஆனால் உச்சி. நான் அங்கே இருந்திருந்தால் உச்சிப் படியில் இருந்திருப்பேன் என்று மகள் சொன்னாள். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை செய்த வருஷங்களுக்கு ஒரு காகிதம் வேண்டும். எங்களில் பெரும்பாலானோர் கையில் அது இல்லை. நான் வேலைக்கு வருமுன் என் மாமியாரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன், அவருக்குப் பக்கவாதம். அந்த ஆறு வருஷம் எங்கும் எழுதப்படவில்லை. உலகம் முழுவதும் சம்பளமில்லாமல் வீட்டில் செய்யப்படும் பராமரிப்பு ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம், அதில் நாலில் மூன்று பங்கு பெண்கள் செய்வது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்குச் சொன்னது. அந்த மணி நேரங்களில் கற்றுக்கொண்டதைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, சரியாகச் செய்தால் ஒரு சான்றிதழ் கொடுத்துவிடலாமே. எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு படுக்கையும் ஒரு ஆளும் இருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், யாருக்கு வேலை தெரியும், யாருக்குத் தெரியாது என்று.

50 வயதில் வேறு வேலையை இழந்துவிட்டு இங்கே வர நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வகுப்பில் உட்கார்ந்து கேட்பதைவிட, தெரிந்த ஒருவரோடு கூடவே சுற்றுவதுதான் பலன் தரும். மொபைல் செயலி ஒரு தனிக் கஷ்டம். எல்லாக் குறிப்பும் இப்போது அதில்தான் ஏற்ற வேண்டும், எழுத்து கடுகு மாதிரி. யூரின் பையில் நிறம் மாறியிருந்ததை ஒரு தடவை நான்தான் முதலில் பார்த்தேன், நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், தொற்று என்று அன்றைக்கே மருந்தும் ஆரம்பித்தார்கள். ஆனால் செயலியில் நான் ஏற்றவில்லை. மாதக் கடைசியில் "பதிவு செய்யத் தவறியவர்" பட்டியலில் என் பெயர். எழுத்தைப் பெரிதாக்கலாம், பேசினால் பதிவாகிற மாதிரி வைக்கலாம், சுலபமான காரியம்தான்.

ராத்திரி ஷிஃப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 55க்கு மேல் தொடர்ந்து 12 மணி நேரம் நிற்பது முடியாது. நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று பிரித்துக் கொடுத்தால், வீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த நாலு பேரில் மூன்று பேர் நாளைக்கே வருவார்கள், நான் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டோடு தங்கிப் பார்க்கிறவர்கள் நிலைமை இதைவிட மோசம், அவர்களுக்கு ட்யூட்டி முடிகிற நேரமே கிடையாது. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 2011இல் வந்த சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. அந்த ஒரு நாளைக்கு மாற்றாக யாராவது வந்தால்தானே அவர்கள் ஓய்வு எடுக்க முடியும்? அதற்கும் இந்த நாலு மணி நேர, ஆறு மணி நேர ஆட்கள்தான் பொருத்தம்.

2030இல் உலகில் ஆறில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நானும் அதில் ஒருத்தி. என்னைத் திருப்பிப் போடப் போகிறவள் எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கக் கற்றிருக்க வேண்டும், அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் அப்போதும் வேலையில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை போடும்போது வேலை செய்கிறவர்களிடமும் ஆள் அனுப்பிக் கேளுங்கள். வேலையில் இருப்பவர்களிடம் மட்டுமில்லாமல், முதுகு போய் வீட்டில் இருப்பவர்களிடமும். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு மேல் என்றால் நான் அவர்களையும் வரச் சொல்கிறேன். ட்யூட்டி நேரத்தில் போன் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் உங்கள் வாசகி